அறுபத்திரண்டாவது முள்ளங்கி

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மயிலாத்தாள் தன் வீட்டுப் பின்புறத்துப் பொடக்காளியில் முள்ளங்கி விதை போட்டாள், பன்னிரண்டாம் நாள் காலையில் நெருக்கமாக முளைத்திருந்ததில் ஒன்பது நாற்றைப் பிடுங்கிக் கலைத்து விட்டாள், அன்றைக்கு உச்சி வெயிலுக்குள் மில் லைன் தெருவில் ஒன்பது பேர் செத்துப் போனார்கள். நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்று அந்தத் தெருவில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, மில் ஏன் மூடினது என்று கேட்டே சலித்துப் போனவர்கள் அவர்கள்.

கலைத்து விடுவது ஒன்றும் பாவமான காரியமில்லை. முள்ளங்கி போட்டவர்கள் எல்லோரும் செய்வதுதான், செய்யாவிட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே தழையாக மட்டும் வளரும், கீழே கிழங்கு இறங்காது. பிடுங்கின நாற்றை வீசுவதும் வழக்கமில்லை, இளந்தழை பருப்பில் போட்டால் நன்றாக இருக்கும் என்று மயிலாத்தாள் ஒன்பதையும் வேரோடு ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள், பதினோரு மணிக்குத் துவரம்பருப்பு கொதித்து வரும்போது கழுவிக் கிள்ளி அதில் போட்டாள். முதல் கொதியில், வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் செங்கோடன் பம்பின் பிடியை விடாமலே சாய்ந்தான். அவள் ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைப்பதற்குள் மூன்றாம் வீட்டில் ஒரு சத்தம், ஒன்பதாம் வீட்டில் ஒரு சத்தம், தெருக்கோடியில் ரெண்டு சத்தம்.

ஒரே நாளில் ஒன்பது பாடை. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, இருபத்திரண்டு வீட்டில் எந்த வீட்டுக்குள்தான் அன்றைக்குச் சாவு இல்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கொடுத்து எடுத்த வீடுகள். ஆனால் பிள்ளைகளுக்குப் பசிக்கும் அல்லவா, பெரியவர்கள் மாரடித்துக்கொண்டிருக்கும்போது சின்னதுகள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தெருவில் அதற்குள் வெந்து முடிந்திருந்த குழம்பு மயிலாத்தாள் வீட்டுப் பருப்பு ஒன்றுதான். யாரோ அதை எடுத்து வந்து, யாரோ வீட்டுப் பழைய சோற்றில் பிசைந்து, தெருவிலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ரெண்டு உருண்டை ஊட்டினார்கள். நிறைமாசத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருந்த பக்கத்து வீட்டுச் சரசாளுக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து உண்டாகியிருப்பவள், வயிறு காயக் கூடாது. அவள் அழுதுகொண்டே சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டாள்.

சுகாதார ஆபீஸிலிருந்து வந்தார்கள், போரிங் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், வெயில் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அதற்கு மறுநாள் டீக்கடை ஆறுச்சாமியின் கோழி ஒன்று வேலிக்குள் நுழைந்து பாத்தியைச் சீய்த்தது. மயிலாத்தாள் அதைத் துரத்திவிட்டுப் பார்த்தால் ஒரு செடி வேர் தெரியக் கிடந்தது, தழை வாடத் தொடங்கியிருந்தது. ஐயோ பாவம் என்று அதே குழியில் அதை வைத்து, மண்ணை அணைத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். அதே நேரத்தில் தெருமுனைக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆறுச்சாமி கிளாஸோடு கீழே விழுந்து, நுரை தள்ளி, கண் செருகி, பொண்டாட்டி கத்த ஆரம்பித்த பிறகு எழுந்து உட்கார்ந்தான். கழுத்து இடது பக்கமாகக் கோணியிருந்தது. செடியும் அப்படித்தான் கோணி நின்றது.

"காலெல்லாம் குளுகுளுன்னு இருக்குதுங்க, யாரோ தண்ணி ஊத்தினாப்பல" என்றான் ஆறுச்சாமி.

சரசாள் கடைக்கும் பொடக்காளிக்குமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தாள். அவள்தான் முதலில் சொன்னது. "அக்கா, அந்தச் செடி ஆறுச்சாமியண்ணனுதுக்கா" என்றாள். கிண்ணத்தில் மிதந்த ஒன்பது நாற்றும் மயிலாத்தாள் கண் முன்னால் வந்து நின்றன, அதில் ஒன்றை எடுத்துக் கிள்ளும்போது தண்டு நல்ல வாகாக இருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் வந்தது, அது செங்கோடனாக இருக்குமோ என்று நினைத்து அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அடித்துக்கூடப் போட்டிருக்கலாம், அவளே அதை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கேட்டால் அந்தப் பருப்பு எங்கே போனது என்ற பேச்சு வரும். பிள்ளைகள் வயிற்றில் போனதை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள். ஆகவே தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது, மூன்றாம் நாள் காலையில் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீரோடு அவள் வேலிக்கு வெளியே வரிசையாக வந்து நின்றது.

குப்பண்ண மேஸ்திரி மில்லில் முப்பது வருஷம் ஆளைக் கணக்கெடுத்த மனுஷன், அவரிடம் வேலையை விட்டால் முறையாகத்தான் செய்வார். இருபத்திரண்டு வீட்டு ரேஷன் கார்டையும் வாங்கி வரச் சொன்னார். செத்தவர்கள் பேரை அடித்துவிட்டு எண்ணினார், அறுபத்திரண்டு பேர். பாத்தியில் குனிந்து எண்ணினார், அறுபத்திரண்டு செடி. அடுத்தது எந்தச் செடி யாருடையது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்தார்கள், மயிலாத்தாள் ஒவ்வொரு செடியாகத் தழை ஓரத்தை நகத்தால் லேசாகக் கிள்ளினாள், கிள்ளக் கிள்ளத் தெருவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சத்தம் போட்டார்கள். என் காது என்றது ஒரு குரல், என் முழங்கை என்றது ஒரு குரல். மேஸ்திரி ஓடி ஓடிக் கேட்டு வந்து, மில்லில் மிச்சம் கிடந்த சாய நூலை வீட்டுக்கு ஒரு நிறமாகச் செடியின் கழுத்தில் தளர்வாகக் கட்டிவிட்டார்.

கடைசி வரிசையில் ரெண்டு செடி பாக்கி. முதலாவதைக் கிள்ளினபோது தெருவில் யாரும் கத்தவில்லை, மயிலாத்தாளுக்குத்தான் அடிவயிற்றில், பிள்ளையை அறுத்து எடுத்த தழும்பு இருக்கிற இடத்தில், ஊசி குத்தினது போல வலித்துக் குனிந்துவிட்டாள். "அது நீதான் அம்மிணி" என்று மேஸ்திரி மஞ்சள் நூலைக் கட்டினார். ரெண்டாவதைக் கிள்ளினபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மயிலாத்தாளின் கட்டைவிரல் மட்டும் சுரீர் என்றது, அறுபத்தியொரு தழையைக் கிள்ளிப் புண்ணாகிப் போன விரல் சுரீர் என்னாமல் என்ன செய்யும், அவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கார்டில் பேர் இருந்து தெருவில் ஆள் இல்லாதது ஒரே ஒருத்தி. மயிலாத்தாளின் மகள் கோகிலவாணி. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கே வேற சாதிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக இந்தத் தெருவுக்கு வந்தாள். மேஸ்திரியும் ஆறுச்சாமியும் இன்னும் நாலு பேரும் அந்தப் பையனைத் தெருமுனையில் வைத்து அடித்தார்கள். அவள் அம்மா என்று கூப்பிட்டபடி கதவைத் தட்டினாள். மயிலாத்தாள் உள்ளே கதவோடு முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை, செங்கோடன் திறக்காதே என்று சொல்லியிருந்தான், அவளும் திறக்கவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு தாக்கல் தகவலும் இல்லை, போன் நம்பரும் செத்துப் போய்விட்டது. ரேஷன் கார்டில் பேரை அடிக்கச் சொல்லி மேஸ்திரி எத்தனையோ தடவை சொல்லியும் மயிலாத்தாள் அதை மட்டும் செய்யவில்லை.

ஆக அறுபத்திரண்டாவது முள்ளங்கி கோகிலவாணி என்று முடிவானது. அதற்கும் மஞ்சள் நூலே கட்டினார்கள், ரெட்டைச் சுற்றாக. மயிலாத்தாள் அந்தச் செடிக்கு முன்னால் மண்ணில் நெற்றி படக் கும்பிட்டாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், அஞ்சு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சேதி அது.

போரிங் வற்றியிருந்தது, ஒன்று விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர்தான். ஒரு செடிக்கு ஒரு சொம்பு, காலையில் அரை, சாயங்காலம் அரை, அதற்கு மேல் ஊற்றினால் வெடிக்கும், குறைத்தால் உள்ளே சக்கையாகி வெண்டு போகும். ஊற்றுகிற கை ஒரே கையாக இருக்கட்டும் என்று மயிலாத்தாளிடமே விட்டார்கள், சேற்றில் வெறுங்காலோடு நின்று அறுபத்திரண்டு தூரிலும் அவள்தான் ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தெருவில் அந்தந்த ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ச்சி ஏறும், அதை வைத்து மணி சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். குளிப்பதைக் குறைத்து அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஒருத்தன் ஆசைப்பட்டுத் தன் செடிக்குப் பால் ஊற்றச் சொல்லி மூன்று நாள் வயிற்றாலே போனான். ஒருத்தி புருஷன் கையை நீட்டினதற்காக அவன் பங்கை அரைச் சொம்பாக்கி, நாக்கு வறண்டு அவன் வந்து அவள் காலில் விழுந்த பிறகுதான் பழையபடி கொடுத்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தோடு செடியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். காய்கறி வண்டிக்காரன் முள்ளங்கி முள்ளங்கி என்று கூவிக்கொண்டு வந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம் அவன் அதைக் கொண்டு வருவதையே விட்டுவிட்டான். முள்ளங்கிக்கு நாற்பத்தஞ்சு நாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த நாள் நெருங்க நெருங்கத் தெருவில் சோறு இறங்கவில்லை, ஆனால் நாற்பத்தஞ்சும் போனது, அறுபதும் போனது, செடிகள் பூக்காமல் முற்றாமல் அப்படியே நின்றன. மில் லைன்காரர்களைப் போலவே எதற்கோ காத்துக்கொண்டு நின்றன.

மயிலாத்தாள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். தன் செடிக்குரிய ஒரு சொம்பில் முக்கால்வாசியை மகள் செடிக்கு ஊற்றினாள். எனக்கு என்ன வேண்டிக்கிடக்கு என்று நினைத்தாள், ஒன்பது உயிரைப் பருப்பில் போட்டவளுக்குத் தண்ணி ஒரு கேடா என்று நினைத்தாள். ஊற்றிக்கொண்டே தினமும் பேசினாள். கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்ன, இந்தப் பக்கம் நான் நின்னேன் கண்ணு, தாழ்ப்பாள் என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு, என்று ஆரம்பித்து ஒரு நாளைக்கு ஒரு விதமாக மன்னிப்புக் கேட்டாள். ரெட்டை நூல் செடி தளதளவென்று வளர்ந்தது, மண்ணுக்கு மேலே வெள்ளைத் தோள் தெரிந்தது. பக்கத்தில் ஒற்றை நூல் செடி நாளுக்கு நாள் வதங்கியது. அடிவயிற்று வலி விடாமல் இருந்தது, அதை அவள் சந்தோஷமாகப் பொறுத்துக்கொண்டாள். ஆனாலும் உடம்பு என்னவோ தேறித்தான் வந்தது, புருஷன் செத்த பிறகு இவளுக்குச் சதை போட்டிருக்கிறதே என்று தெருவில் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மகளிடம் பேசுகிறோம் இல்லையா, அந்த நிம்மதிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் சரசாளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றைக்கே பாத்தியில் புதிதாக ஒரு முளை வந்தது, வந்த இடம்தான் வினை. ஒற்றை மஞ்சளுக்கும் ரெட்டை மஞ்சளுக்கும் நடுவில், ஒரு விரல்கூட நுழையாத சந்தில் வந்தது. பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலம் பூத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேஸ்திரி பாத்தியில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். முளையைப் பிடுங்கி வேற இடத்தில் வைக்க முடியாது, முள்ளங்கி மாற்றி நட்டால் பிழைக்காது, அதே குழியில் வைத்தும் ஆறுச்சாமிக்குக் கழுத்துக் கோணியது.

புதன்கிழமை காலையில் தெருவே பொடக்காளியில் கூடியது. சரசாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி ஓரம் நின்றாள். பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"மயிலா, உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் மேஸ்திரி. "கலைச்சு விடோணும்."

"எதைங்க?"

"இங்கில்லாத புள்ளைக்கு இங்க எதுக்கம்மிணி இடமும் தண்ணியும்? அஞ்சு வருசமாச்சு. நம்மளை வேண்டாம்னு போனவ."

"அவ வேண்டாம்னு போகலீங்க மேஸ்திரியண்ணா. நீங்க அடிச்சீங்க, நான் கதவைத் திறக்கல."

அஞ்சு வருஷத்தில் அதை அவள் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி தலையைக் குனிந்து கையிலிருந்த நூல்கண்டைப் பார்த்தார். ஆறுச்சாமி கோணின கழுத்தோடு வேறு பக்கம் திரும்ப முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது சரசாள் பேசினாள். "அக்கா, உங்க புள்ளையைப் பிடுங்குங்கன்னு நான் கேக்க மாட்டேன். என்ற புள்ளை சாகட்டும்னும் என்னால சொல்ல முடியலக்கா."

மயிலாத்தாள் பிள்ளையின் நீல உதட்டைப் பார்த்தாள். சரசாள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டது ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னாள், நானே கலைத்து விடுகிறேன் என்றும் சொன்னாள். எதை என்று அப்போது சொல்லவில்லை, அவளுக்கு அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது. முளைக்கு ஒரு பக்கம் இடம் கிடைத்தால் போதுமே, அது எந்தப் பக்கமாக இருந்தால் என்ன.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தாள், தெரு அதைக் குறை சொல்லவில்லை. செங்கோடன் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டினாள். விழுந்த பிறகு தூக்குகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று பாத்தி ஓரத்தில் ஒரு பாயை விரித்தாள், வீட்டுச் சாவியைச் சரசாள் கையில் கொடுத்தாள்.

"இனி நீதான் தண்ணி ஊத்தோணும் சரசா. அளவு உனக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் கொஞ்சம் எச்சா ஊத்து."

சரசாளுக்குப் புரிந்து, "அக்கா" என்று அழுதுகொண்டே கையைப் பிடிக்க வந்தாள். அதற்குள் மயிலாத்தாள் உட்கார்ந்து ஒற்றை மஞ்சள் நூல் கட்டின செடியை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டாள். ஒரே இழுப்பில் வந்தது. கிழங்கு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, தோல் சுருங்கி வெண்டு போயிருந்தது. இரக்கப்பட்டு யாராவது திரும்பக் குழியில் வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம், ஆறுச்சாமிக்கு அவளே அப்படித்தானே செய்தாள். ஆகவே சந்தையில் கீரைக்காரி திருகுவது மாதிரி தழையைக் கழுத்தோடு ஒரு திருகு திருகித் தனியாக எடுத்தாள், கிழங்கை ரெண்டாக ஒடித்தாள். அடிவயிற்றில் பிரசவத்தன்று வந்த மாதிரி ஒரு வலி வந்தது. பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளை இழுத்து ஒரு மூச்சு விட்டது. அடுத்ததும் ஒழுங்காக வந்தது. அப்புறம் வீறிட்டு அழுதது, பிறந்ததிலிருந்து அது சத்தமாக அழுதது அன்றைக்குத்தான். சரசாளும் தெருவும் சேர்ந்து அழுதார்கள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஈ அவள் முகத்தில் உட்கார்ந்தது, அவள் கை தானாக வந்து அதை ஓட்டியது. பாயைச் சுற்றி நின்றவர்கள் வெயில் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். வலி சுத்தமாக இல்லை, மூன்று மாதமாகக் கூடவே இருந்தது அடிவயிற்றில் துளிகூட இல்லாமல் போயிருந்தது.

"தோட்டக்காரிக்குச் செடி கிடையாது போலிருக்குது" என்றார் மேஸ்திரி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நட்டவளே பாத்திக்குள் எப்படி இருப்பாள்.

"அப்ப இது யாருதுங்க?" என்று ஆறுச்சாமி ஒடிந்து கிடந்த துண்டைக் காட்டிக் கேட்டான்.

மேஸ்திரி வீடு வீடாக ஆளை எண்ணிவிட்டு வந்தார். ஒருத்தரும் விழவில்லை. "யாருதா இருந்தா என்ன, நம்ம தெருவுல எல்லாரும் இருக்கறாங்க" என்றார். ஆட்கள் கலைந்து போனார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு தெருவில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் மயிலாத்தாளைச் சரசாள் எழுந்திருக்க விடவில்லை. நீங்க உக்காருங்கக்கா, எனக்கு ஒரு நாள் ஊத்தத் தெரியாதா என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். மயிலாத்தாள் சமையலறைச் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். செடி முளைத்த நாளிலிருந்து, தண்ணீர் ஊற்றும் நேரத்தில் அவள் கால் ஈரமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். பாதத்தில் சேறு இல்லை, வெடிப்பெல்லாம் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே தண்ணீர் விழும் சத்தத்தை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். அது ஆறுச்சாமி, அது மேஸ்திரி, அது மேஸ்திரி மருமகள். முதல் வரிசை முடிந்தது, நடு வரிசை முடிந்தது, கடைசி வரிசையில் சரசாள் தன் பிள்ளையின் முளைக்கு ஏதோ கொஞ்சிக்கொண்டே கொஞ்சமாகத் தெளித்தாள். அப்புறம் ரெட்டை மஞ்சள் நூல் கட்டின செடிக்கு ஊற்றினாள்.

மயிலாத்தாளின் உள்ளங்கால் குளிர்ந்தது.

அவள் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. குளிர்ச்சி குதிகாலுக்கு வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. மூன்று மாதமாகத் தான் யாருக்கு ஊற்றினோம், யார் பங்கைப் பிடுங்கி ஊற்றினோம், காலையில் கழுத்தைத் திருகினது யாருடையது என்பது அதோடு கூடவே மெல்ல மெல்ல ஏறி வந்து அவளுக்குத் தெரிந்தது. மகள் எந்த ஊரில், எந்த வீட்டில், என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுந்தாளோ. பக்கத்தில் யார் இருந்தார்களோ. கையில் ஒரு பிள்ளை இருந்திருக்குமோ.

"அக்கா" என்று சரசாள் வெளியிலிருந்து கூப்பிட்டாள், குரலில் அத்தனை பாசம். "கோகிலாவுக்கு இன்னொரு சொம்பு எச்சா ஊத்தறேனுங்கக்கா, நீங்க சொன்னாப்பல."

வேண்டாம் என்று சொல்ல மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் சத்தம் வரவில்லை. வெளியே சொம்பு தொட்டித் தண்ணீரில் முங்கி எழுந்தது, குளிர்ச்சி முழங்காலைத் தாண்டியது.